புதுச்சேரி டாக்டர் ஒன்று சொல்கிறார், பிரான்ஸ் டாக்டர் வேறு சொல்கிறார்: பல் விஷயத்தில் எப்படி முடிவெடுப்பது?

புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து பிரான்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் விசா, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு வழியாக முடிந்ததும் கேட்கும் கேள்வி இது. "நெல்லித்தோப்பில் பார்த்த டாக்டர் அடைத்தால் போதும் என்றார். இங்கே பார்த்தவர் ரூட் கெனால் செய்து கேப் போடச் சொல்கிறார். யாரை நம்புவது?" வீட்டுப் பெரியவர்களின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இப்போ எதுவும் செய்ய வேண்டாம், லீவுக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கலாம்." சில சமயம் அது நல்ல முடிவு. சில சமயம் காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அந்தக் காத்திருப்பிலேயே போய்விடுகிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் இல்லை. 1997இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் தன் வாயை 28 மாநிலங்களில் 50 பல் டாக்டர்களிடம் காட்டிப் பார்த்தார். ஒருவர் 500 டாலருக்கும் குறைவான செலவைச் சொன்னார், இன்னொருவர் கிட்டத்தட்ட 30,000 டாலர் என்றார். பேராசைக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். ஆனால் நேர்மையான இரண்டு டாக்டர்கள்கூட ஒரே பல்லைப் பார்த்து வேறு வேறு முடிவுக்கு வரலாம்.

சொத்தையையே எடுத்துக்கொள்வோம். பல்லின் வெளி ஓடான எனாமலில் வெள்ளைத் திட்டாக மட்டும் இருக்கும் சொத்தை, குழி விழாதவரை, ஃபுளோரைடும் நல்ல துலக்கலும் இனிப்புக் குறைப்பும் இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். ஒரு டாக்டர் "ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்" என்பார். இன்னொருவர், இவர் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று நினைத்து உடனே அடைத்துவிடுவார். அதேபோல், சொத்தை ஆழமாகப் போய் நரம்புக்குப் பக்கத்தில் நிற்கும் பல்லில் அடைப்பு தாங்கலாம், தாங்காமல் நாலு மாதம் கழித்து ராத்திரியில் வலியும் வரலாம். அப்படி வலியோடு திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்த டாக்டர் முதலிலேயே ரூட் கெனால் பக்கம் சாய்வார். நீங்கள் உட்கார்ந்ததும் "பதினெட்டாம் தேதி ஃப்ளைட் டாக்டர்" என்று சொன்னால் அவருடைய யோசனையே மாறிவிடும். காத்திருந்து பார்க்கும் வழியை நீங்களே மூடிவிட்டீர்கள், அதனால் அவர் உறுதியானதைச் செய்யப் பார்ப்பார். லீவில் போகிறவர்களுக்கு ஊரில் பெரிய சிகிச்சையாகச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

படிப்பும் பணமும் மீதிக் காரணங்கள். நம் ஊர் கிளினிக்குகளில் ரூட் கெனாலுக்கு ஒருவர், ஈறுக்கு ஒருவர், பல் பிடுங்க ஒருவர் என்று எம்டிஎஸ் என்ற பல் மேற்படிப்பு படித்தவர்கள் சாயங்காலம் வந்து போவார்கள். பிரான்சில் அங்கீகரிக்கப்பட்ட பல் சிறப்புப் பிரிவுகள் மூன்றே: பல் சீரமைப்பு, வாய் அறுவை, வாய் மருத்துவம். ரூட் கெனாலைப் பொது டாக்டரே செய்வார், கடினமாக இருந்தால் அதை மட்டுமே செய்கிறவரிடம் அனுப்புவார். இங்கே அடைப்புக்கும் ரூட் கெனாலுக்கும் கட்டணம் அரசுக் காப்பீட்டோடு செய்த ஒப்பந்தப்படி நிர்ணயமானது. கேப்பில் சில வகைகளுக்கு உச்சவரம்பு இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளான்டுக்கு அரசுக் காப்பீடு பொதுவாகப் பணம் தருவதில்லை. இதெல்லாம் டாக்டரின் முடிவைத் தொடாது என்று சொல்ல முடியாது.

சரி, நோயாளி என்ன செய்வது? டாக்டர் சொல்வதை மனதுக்குள் இரண்டாகப் பிரியுங்கள். பல்லில் என்ன கோளாறு என்பது ஒன்று. அதற்கு என்ன செய்யலாம் என்பது வேறு. இரண்டு டாக்டர்களும் கோளாறு விஷயத்தில் ஒத்துப்போய் வைத்தியத்தில் மட்டும் மாறுபட்டால் பயப்பட வேண்டாம், அது நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம். கோளாறிலேயே மாறுபட்டால் மூன்றாவது ஒருவரிடம் எக்ஸ்ரேயுடன் போங்கள். முதல் டாக்டர் சொன்னதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவர் பார்த்து முடித்த பிறகு சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் எந்த இடம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். ஒன்றும் செய்யாமல் ஆறு மாதம் விட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இதைவிடச் சின்ன வைத்தியம் இருக்கிறதா, அது தோற்றால் பிறகு பெரியதைச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. துளைத்த பல் மறுபடி வளராது. அடைப்பை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி இன்னும் கொஞ்சம் பெரிதாகும். அதனால் இரண்டு வழியும் நியாயமாகத் தெரிந்தால், பின்னால் மாற்றிக்கொள்ள இடம் விடுகிற வழியை முதலில் எடுங்கள்.

முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் இந்த ஒப்பிடும் வேலை எதுவும் வேண்டாம். உடனே போங்கள். மூச்சுக்குச் சிரமம் என்றால் 15 என்ற அவசர எண்ணுக்கு அடியுங்கள்.

ஊரில் போட்ட, பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு பற்றியும் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல், மிகச் சில விலக்குகள் தவிர, புதிதாகப் பாதரச அடைப்பு போடக் கூடாது. அதற்காக நன்றாக இருக்கும் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. உடைந்தாலோ கீழே சொத்தை வந்தாலோ மாற்றினால் போதும். ஞானப்பல்லும் அப்படித்தான். தொந்தரவு தராத, நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்க வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2000இலேயே சொல்லிவிட்டது. வேறு கருத்துள்ள டாக்டர்களும் இருக்கிறார்கள், காரணத்தைக் கேளுங்கள்.

இனி, ஊரில் செய்வதா இங்கே செய்வதா. சுத்தம் செய்வது, அடைப்பது, ஒரு ரூட் கெனாலும் கேப்பும், இவையெல்லாம் மூன்று வார லீவில் முடிகிறவை. முதல் வாரமே டாக்டரைப் பாருங்கள், கேப் மாட்டிய பிறகு கடித்துப் பார்க்கச் சில நாள் மிச்சம் வையுங்கள். இம்பிளான்ட் அப்படி இல்லை. எலும்போடு அது பிடிக்கப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், பிறகு ஏதாவது தகராறு என்றால் போட்டவர் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பார். ஊரில் இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் கோரிமேட்டில் மகாத்மா காந்தி அரசுப் பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்குச் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரி ஆஸ்பத்திரியில் நேரம் ஆகும், ஆனால் எல்லாப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். திட்டம் போட்டு ஊரில் செய்யும் வைத்தியத்துக்குப் பிரெஞ்சு அரசுக் காப்பீடு பணம் திருப்பித் தராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இங்கே செய்வதாக இருந்தால், கார்த் வித்தால் என்ற அரசுக் காப்பீட்டு அட்டை வரும்வரை டாக்டர் தரும் காகிதப் படிவத்தைப் பத்திரமாக வைத்துப் பிறகு காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வேலை செய்கிறவர்களுக்கு உரிமை வேலையோடு தொடங்கும், வேலை இல்லாத துணைக்கு மூன்று மாத வசிப்பு கேட்கலாம். அடைப்பு போன்ற வைத்தியத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து அரசுப் பங்கு 60 சதவீதம், மீதியை மியுத்துவெல் என்ற துணைக் காப்பீடு கொடுக்கும். தனியார் நிறுவன வேலை என்றால் மியுத்துவெல்லில் குறைந்தது பாதியை முதலாளி கட்ட வேண்டும். கேப் என்றால் டாக்டர் வேலையைத் தொடங்குமுன் தெவி என்ற எழுத்து மதிப்பீட்டைத் தருவார். 2020 முதல் சில வகைக் கேப்புகளுக்கு உங்கள் கையிலிருந்து ஒன்றும் போகாத திட்டம் உண்டு, முன்பல்லா கடைவாய்ப் பல்லா என்பதைப் பொறுத்து வகை மாறும். தெவியில் அந்த மாற்று வழி எழுதியிருக்கிறதா பாருங்கள், அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மியுத்துவெல்லுக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகு போடுங்கள்.

புறப்படும் முன் ஊர் டாக்டரிடம் எக்ஸ்ரேக்களைக் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில் பல்லின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இந்தியாவிலும் பிரான்சிலும் ஒரே இரட்டை இலக்க எண்முறைதான். இடது கீழ்த் தாடையின் முதல் பெரிய கடைவாய்ப் பல் இரண்டு ஊரிலும் 36. பிரெஞ்சு வராவிட்டாலும் அந்த எண்ணையும் எக்ஸ்ரேயையும் நீட்டினால் எந்தப் பல், என்ன நடந்திருக்கிறது என்று டாக்டருக்குப் புரிந்துவிடும். இம்பிளான்ட் ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் கம்பெனி பெயரும் அளவும் இருக்கும் அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.


பிரான்சில் பிள்ளைகளுக்கு 3 வயது முதல் 24 வயது வரை பல் பரிசோதனை இலவசம், 2025 முதல் அது வருடத்துக்கு ஒரு முறை. அழைப்பு வந்ததும் நாள் வாங்கிவிடுங்கள், பல ஊர்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.