பிசினஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ் படிப்பு: பெங்களூரில் சேருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பியூசி (கர்நாடகத்தின் பிளஸ் டூ) ரிசல்ட் வந்த வாரத்தில் அல்சூரிலும் விவேக் நகரிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "பி.சி.ஏ.வா, பி.பி.ஏ.வா?" வணிகத்தையும் கணினியையும் சேர்த்துப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே உதவாது. பிசினஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்பது இந்தக் கலப்புதான். ஜெர்மனியில் இதற்கு 'விர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஃபர்மாட்டிக்' என்று தனிப் பெயரும் தனித் துறையும் உண்டு. நம் ஊரில் அதே சரக்கு பி.சி.ஏ., பி.பி.ஏ. பிசினஸ் அனலிட்டிக்ஸ், பி.காம். டேட்டா அனலிட்டிக்ஸ் என்று பல பெயர்களில் வருகிறது. உள்ளே எது எவ்வளவு என்பது பெயரில் தெரியாது.

பெயரை நம்பிச் சேர்வது

சிலபஸ் புத்தகத்தை வாங்கி, ஒரு தாளில் மேலிருந்து கீழாக நான்கு பத்தி (காலம்) போடுங்கள். முதல் பத்தியில் வணிகம்: கணக்கியல், மேலாண்மை, பொருளியல், மார்க்கெட்டிங். இரண்டாவதில் கணினி: புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், நெட்வொர்க். மூன்றாவதில் கணிதமும் புள்ளியியலும். நான்காவதில் இரண்டு கரைகளையும் இணைக்கும் பாடங்கள்: சிஸ்டம் அனாலிசிஸ், ஈஆர்பி (நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் இணைக்கும் மென்பொருள்), பிசினஸ் பிராசஸ், மேலாண்மைத் தகவல் அமைப்பு. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் (வகுப்பு நேரத்தை வைத்துப் பாடத்துக்குத் தரும் எடை) உரிய பத்தியில் எழுதிக் கூட்டுங்கள்.

வணிகப் பத்தியில் இரண்டே பாடங்கள் இருந்தால் அது கணினிப் படிப்பு. ஆறு செமஸ்டரிலும் சேர்த்து புரோகிராமிங் ஒன்றே ஒன்று என்றால், அனலிட்டிக்ஸ் என்ற சொல்லைத் தாளித்துக் கொட்டிய பி.பி.ஏ. நான்காவது பத்தி காலியாக இருந்தால்தான் உண்மையில் யோசிக்க வேண்டும். இரண்டு கரையும் இருக்கிறது, பாலம் இல்லை என்று அர்த்தம்.

அனுமதியையும் பாருங்கள். 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.எம்.எஸ். படிப்புகள் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்புக்குள் வந்துவிட்டன. பி.காம். அதில் சேராது. எனவே "ஏஐசிடிஇ அனுமதி உண்டா?" என்ற கேள்வியை பி.காம். நடத்தும் கல்லூரியிடம் கேட்டுக் குழம்ப வேண்டாம். பி.சி.ஏ. நடத்துகிறவரிடம் கேட்காமல் விடவும் வேண்டாம்.

சீனியரின் சிலபஸைத் தன்னுடையது என்று நினைப்பது

இது பெங்களூருக்கே உரிய வம்பு. கர்நாடக அரசுப் பல்கலைக்கழகங்களில் தேசியக் கல்விக் கொள்கைப்படி நான்காண்டு அமைப்பு 2021-22இல் வந்தது. 2024-25இல் மாநில அரசு மீண்டும் மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பியது. அண்ணன் படித்தது ஒரு திட்டம், தம்பி சேருவது வேறொன்று. பாடத்தின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் கிரெடிட்டும் மதிப்பெண் பங்கீடும் மாறியிருக்கலாம். போதாக்குறைக்கு, பழைய பெங்களூர் பல்கலைக்கழகம் 2017இல் மூன்றாகப் பிரிந்தது. ஒரே நகரத்தில் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் கல்லூரி வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கக்கூடும். நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களோ தங்கள் வழியில் போகின்றன. அங்கே நான்காம் ஆண்டு தொடர்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

நான்காம் ஆண்டு இருக்கிற இடத்திலும் ஒரு நிபந்தனை பலர் கண்ணில் படுவதில்லை. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்த விதிப்படி, ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். ஐந்தாம் செமஸ்டரில் இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

கிரெடிட்டை மதிப்பெண் போல நினைப்பது

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. மூன்றாண்டில் மேஜர் பாடங்களுக்கு 60, மைனருக்கு 24, பிற துறைப் பாடங்களுக்கு 9, மொழிக்கு 8, திறன் பாடங்களுக்கு 9. மீதி, மதிப்புக்கூட்டுப் பாடங்களுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும். பல்கலைக்கழகம் தன் வசதிக்கு இதை மாற்றிக்கொள்ளும். ஆனால் மொத்தக் கணக்கு இந்த அச்சில்தான் சுழலும்.

ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 15 மணி நேர வகுப்பு, அல்லது 30 மணி நேர லேப். சிலபஸில் 3-0-2 என்று போட்டிருந்தால் வாரம் 3 மணி பாடம், டுடோரியல் இல்லை, 2 மணி லேப், மொத்தம் 4 கிரெடிட். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். "நாலு கிரெடிட்தானே" என்று அதைத் தியரிப் பாடம் போலத் தேர்வுக்கு முந்தின வாரம் புரட்டினால் லேப் ரெக்கார்டிலும் இன்டர்னலிலும் கை வைத்துவிடுவார்கள்.

சராசரிக் கணக்கிலும் இதே தவறு நடக்கிறது. 4 கிரெடிட் புரோகிராமிங்கில் 6 கிரேடு புள்ளி, 2 கிரெடிட் திறன் பாடத்தில் 9 புள்ளி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 7.5 வரும். மாணவர் மகிழ்ந்துபோவார். உண்மையான கணக்கு: நாலாறு 24, ஈரொன்பது 18, மொத்தம் 42, அதை 6 கிரெடிட்டால் வகுத்தால் 7. எளிய பாடங்களில் மின்னிக் கனத்த பாடத்தில் படுத்துவிட்டால் சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளி) ஏறாது. பல கம்பெனிகள் கேம்பஸில் ஒரு கட்-ஆஃப் வைத்துத்தான் உள்ளே விடுகின்றன. இந்த அரைப் புள்ளி அங்கே உறுத்தும்.

கணக்குக்கு முழுக்குப் போட்டாயிற்று என்று நம்புவது

பியூசியில் காமர்ஸ் எடுத்து, கணக்கைத் தொடாமல் வந்தவர்கள் முதல் ஆண்டிலேயே தடுமாறுகிறார்கள். கால்குலஸ் பயமுறுத்தும் அளவுக்கு வராது. வேண்டியவை வேறு: கணங்களும் (செட்) உறவுகளும், தர்க்கம், அணிகள், நிகழ்தகவு, தொடர்புப் போக்கு (ரெக்ரெஷன்). கணங்கள் புரியாதவருக்கு எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) மொழியில் இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் ஜாயின் மந்திரம் போலத்தான் தெரியும். சரக்குப் பட்டியலையும் விற்பனைப் பட்டியலையும் இரண்டிலும் இருப்பதை மட்டும் எடுக்கும் சாதாரண இன்னர் ஜாயினில் சேர்த்தால், ஒரு தடவைகூட விற்காத சரக்கு அறிக்கையிலிருந்தே மறைந்துவிடும். கடைக்காரருக்கு முதலில் தெரிய வேண்டியதே அந்தத் தேங்கிய சரக்குதான்! சரக்குப் பட்டியலை முழுதாக வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட வேண்டும் என்பதை மனப்பாடம் செய்யலாம். ஏன் என்பது கணங்களில் இருக்கிறது. சேருவதற்கு முந்தைய விடுமுறையில் இந்தத் தலைப்புகளுக்கு தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும்.

பாடங்கள் சங்கிலி போலக் கோத்திருப்பதையும் கவனியுங்கள். முதல் செமஸ்டர் புரோகிராமிங்கில் பேக் (தேறாத பாடம்) வைத்தால் விதி மேலே போக விடும், அறிவு விடாது. அதன்மேல்தான் டேட்டா ஸ்ட்ரக்சர், அதன் பிறகு டேட்டாபேஸ், வெப் டெவலப்மென்ட், கடைசியில் ப்ராஜெக்ட். வணிகப் பக்கத்திலும் அப்படியே: நிதிக் கணக்கியல் தெரியாமல் அடக்கவிலைக் கணக்கியல் இல்லை, அது தெரியாமல் ஈஆர்பி இல்லை. முதல் ஆண்டில் பேக் விழுந்தால் மொழிப்பாடத்தை அடுத்த தடவைக்குத் தள்ளியாவது சங்கிலிப் பாடத்தை உடனே எழுதி முடியுங்கள்.

நடுப் பாடங்களை ஒப்பேற்றுவது

சிஸ்டம் அனாலிசிஸ், ஈஆர்பி போன்றவற்றை மாணவர்கள் 'கதைப் பாடம்' என்கிறார்கள். பத்துப் பக்கம் எழுதினால் பாஸ். இந்தப் பட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு நெய் பில்லை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

சிவாஜி நகரில் ஒரு மளிகைக் கடை. 2025 ஆகஸ்ட்டில் வரிக்கு முன் ₹1,000 மதிப்புள்ள நெய்யைக் கடனுக்கு விற்கிறார்கள். அப்போது நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். மத்திய வரி ₹60, மாநில வரி ₹60, பில் ₹1,120. மாணவர் எழுதிய மென்பொருளில் வரி விகிதம் 'பொருள்' அட்டவணையில் மட்டும் இருக்கிறது. பில் அட்டவணையில் பொருளின் எண்ணும் அளவும்தான். டேட்டாபேஸ் வகுப்பில் சொன்னபடி, ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்று அழகாக நார்மலைஸ் செய்திருக்கிறார்.

2025 செப்டம்பர் 22 அன்று நெய்க்கான வரி 5 சதவீதமாகிறது. கடைக்காரர் பொருள் அட்டவணையில் 12ஐ 5 ஆக்குகிறார். அக்டோபரில் வாடிக்கையாளர் பழைய பில்லின் நகல் கேட்கிறார். திரையில் ₹1,050 வருகிறது. பேரேட்டில் அவர் பேரில் பற்று ₹1,120 நிற்கிறது. ₹70 எங்கே போனது? எங்கும் போகவில்லை, மென்பொருள் பழைய வரலாற்றைத் திருத்தி எழுதிவிட்டது. ஏற்கெனவே தாக்கல் செய்த ரிட்டர்னோடும் இனி ஒத்துப்போகாது.

விற்ற அன்றைய விலையும் வரி விகிதமும் அந்த பில்லின் சொந்தத் தகவல். இன்றைய விகிதம் பொருளின் தகவல். பார்க்க ஒன்று போல இருந்தாலும் இரண்டும் வேறு. ஆகவே பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் நேராக அன்றைய விலையையும் வரி விகிதத்தையும் பதிவு செய்ய வேண்டும். அல்லது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று விகிதங்களுக்கே தனி அட்டவணை வைக்க வேண்டும். கணினி மட்டும் தெரிந்தவருக்கு இது தோன்றாது. கணக்கு மட்டும் தெரிந்தவருக்குத் தவறு தெரியும், அட்டவணையில் எங்கே என்று காட்டத் தெரியாது.

அதே நெய்யை ஓசூர் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். மாநில எல்லை தாண்டுவதால் இரண்டு வரியாகப் பிரியாது, ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி. அட்டவணையில் 'வரி' என்று ஒரே ஒரு பத்தி போட்டவர் இங்கே மாட்டிக்கொள்வார். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: கர்நாடகம் 29, தமிழ்நாடு 33. அந்த எண்ணை எண் வகையில் சேமிக்க முயல்வதும் அடிக்கடி நடக்கும் பிழை. அதன் 15 இடங்களில் எழுத்துகளும் உண்டு. எழுத்து வகைதான் சரி. பணத்தை ஃப்ளோட்டில் (தோராயமாகச் சேமிக்கும் தசம வகை) வைப்பதும் அப்படித்தான். பைசா கணக்கு மெல்ல மெல்ல விலகும். துல்லியமாகச் சேமிக்கும் டெசிமல் வகை வைக்க வேண்டும்.

ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்குவது

வாங்கிய ப்ராஜெக்ட் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) ஒரு கேள்வியில் உடைந்துவிடும். "சரக்கில் பாதி திரும்பி வந்தால் எந்த அட்டவணை மாறும்?" என்று கேட்டால் போதும். நூலக நிர்வாகம், மாணவர் வருகைப்பதிவு எல்லாம் தேர்வாளர் நூறு தடவை பார்த்தவை. மாமாவின் பாத்திரக் கடை, தெரு முனை மெடிக்கல் ஷாப், அக்கம்பக்கத்துத் தையல் யூனிட், ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். கீபோர்டைத் தொடும் முன் இரண்டு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஆர்டர் எப்படி வருகிறது, யார் விலை சொல்கிறார், கடன் நோட்டில் யார் எழுதுகிறார் என்று இப்போதைய நடைமுறையை வரையுங்கள். அதன் பக்கத்தில் மாற வேண்டிய நடைமுறையை வரையுங்கள். பத்து கேட்டு எட்டு வந்தால், வந்த எட்டில் இரண்டு உடைந்திருந்தால் என்ன நடக்கும் என்று தவறாமல் கேளுங்கள். அறிக்கையின் பாதி அந்தப் பதில்களிலேயே கிடைத்துவிடும்.

இன்டர்ன்ஷிப்பைக் காசுக்கு வாங்கிய சான்றிதழோடு முடித்துக்கொள்ளவும் வேண்டாம். 2 கிரெடிட் என்றாலும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

சிலபஸைப் பாதுகாக்காமல் விடுவது

மேற்படிப்புக்கு ஜெர்மனி போக நினைக்கிறவர்களுக்கு இது. அங்கே இந்தத் துறையின் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் ஆறு செமஸ்டர், 180 ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்). முதுநிலைக்கு எடுக்கும்போது பல பல்கலைக்கழகங்கள் கணினியில் இத்தனை, வணிகத்தில் இத்தனை, கணிதத்தில் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று பத்தி பிரித்துப் பார்க்கின்றன. நம் 120 கிரெடிட்டை அவர்களுடைய 180க்குப் பொருத்தினால் ஒன்றுக்கு ஒன்றரை என்று தோராயமாக வரும். ஆனால் மாற்றும் முறையை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்யும். இந்தியாவிலிருந்து போகும் மாணவர்கள் 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் (கல்வி ஆவணங்களைச் சரிபார்க்கும் ஜெர்மன் அமைப்பு) சான்றிதழும் வாங்க வேண்டியிருக்கிறது.

பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து அவர்கள் எடை போடுவதில்லை. உள்ளடக்கமும் மணி நேரமும் வேண்டும். திட்டம் அடிக்கடி மாறும் ஊரில், உங்கள் பேட்ச்சின் சிலபஸ் மூன்றாண்டு கழித்து இணையதளத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும்போதும் பிடிஎஃப்பை இறக்கி, கல்வியாண்டு தெரியும்படி பெயரிட்டு வையுங்கள். கடைசி செமஸ்டரில் மொத்தத்தையும் அச்செடுத்து, கல்லூரி அலுவலகத்தில் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை போட்டு வாங்குங்கள். டிசி வாங்கிய பிறகு அதே வேலைக்கு அதே அலுவலகத்துக்கு நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும்.