விறகில்லாத ஊரில் அடுப்பு மூட்டுவது எப்படி

என் நாவலின் முதல் பிரதியில், பதினான்கு வயதுக் கதாநாயகி விடிந்ததும் காட்டுக்குப் போய் விறகு வெட்டிக்கொண்டு வருவாள். இடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா, வருடம் 1873. படித்துப் பார்த்த அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, மரமே இல்லாத ஊர்னு முதல் பக்கத்துல எழுதிட்டு, காட்டுக்கு எங்க போறது?" இருபது பக்கம் குப்பைக்குப் போனது.

அந்தப் புல்வெளியில் குடியேறியவர்களைப் பற்றி இளையோருக்குக் கதை எழுத நினைக்கிறீர்களா? கதாநாயகிக்குப் பெயர் வைக்கும் முன் அடுப்பை மூட்டிவிடுங்கள். எரித்தது பெரும்பாலும் காய்ந்த காட்டெருமைச் சாணம். நம் வரட்டி மாதிரி தட்டிய சாணம் இல்லை; வெயிலில் தானாகக் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி வருவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் காய்ந்த புல்லை முறுக்கிப் போடுவார்கள். அது மளமளவென்று எரிந்து தீர்ந்துவிடும். ஒருவர் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். யார்? வீட்டுப் பிள்ளைகள்தான். சரி, உங்கள் கதாநாயகிக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது, உள்ளங்கை நிறைய கீறல், அம்மாவோடு சண்டை போட ஒரு காரணமும்.

அப்புறம் வீடு. புல்தரையை உழுது புரட்டி, ஓரடி அகலம், இரண்டு மூன்றடி நீளம், நாலங்குலக் கனத்தில் வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். வேர்ப்பின்னல்தான் சுவரைப் பிடித்து நிறுத்தும். கோடையில் குளுகுளு, பனியில் கதகதப்பு. மழை வந்தால்தான் வினை. வெளியே மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் உள்ளே கூரை சொட்டும். மண் உதிராமலிருக்கக் கூரைக்கு அடியில் மெல்லிய துணி கட்டுவார்கள். கூரையிலிருந்து பாம்பு விழுவதும் உண்டு. அந்தத் துணியை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதினேன். குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேல் துணி ஓரிடத்தில் தொய்கிறது. தொய்வு மெல்ல நகர்கிறது. அப்பா கரண்டியைக் கீழே வைக்கிறார்.

இடத்தை உடம்பால் உணர மொட்டைமாடியில் சாக்பீஸால் 12 அடிக்கு 14 அடி கட்டம் போட்டேன். உள்ளே ஆறு பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேரம் ஆட விட்டேன். நாற்பதாவது நிமிடத்தில் சண்டை. அந்தச் சண்டை அப்படியே கதைக்குள் போய்விட்டது.

சட்டத்தைப் பின்னுரைக்குத் தள்ளாதீர்கள், கதை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 1862 குடியேற்றச் சட்டப்படி 21 வயதானவரோ குடும்பத் தலைவரோ அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை கேட்கலாம். கட்டணம் மொத்தம் 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்து, இரண்டு சாட்சிகளைக் கொண்டுபோய் நிறுத்தினால் பட்டா. கல்யாணமாகாத பெண்ணும் மனு போடலாம். கணவனோடு இருக்கும் மனைவி தன் பெயரில் போட முடியாது. இப்போது கதாநாயகிக்கு இருபது வயதில் ஓர் அக்கா இருக்கிறாள், அவளைப் பெண் கேட்டு ஒருவன் வருகிறான் என்று வையுங்கள். வீட்டில் அதன் பிறகு யாராவது நிம்மதியாகத் தூங்குவார்களா?

1874இன் வெட்டுக்கிளிப் படையெடுப்பை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் வானம் இருண்டதை விட்டுவிடுங்கள். வெட்டுக்கிளி தின்று கொழுத்த கோழியின் கறி வாயில் வைக்க முடியாமல் போனதை எழுதுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் கைகூடவில்லை. அது ஆளில்லாத நிலம் இல்லை. பானி (Pawnee) என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மண். 1870களில்தான் அவர்கள் நெப்ராஸ்காவை விட்டுத் தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. சாணம் பொறுக்கும் என் பெண், கூடையை இடுப்பில் வைத்தபடி, அப்படிப் போகிற ஒரு குடும்பத்தைப் பார்க்கிறாள். அவள் வயதில் அங்கேயும் ஒருத்தி. இருவருக்கும் பொது மொழி இல்லை. நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இம்முறை என் பெண் கையசைப்பதை அடித்துவிட்டேன்.