சில்கா ஏரியில காரைப் படகுல ஏத்தறது எப்படி

வேலூர்ல வாடகை வண்டி ஓட்டுறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒடிசா, வங்காளக் குடும்பங்களைக் காட்பாடி ஸ்டேஷன்ல ஏத்தி காந்தி ரோட்டு லாட்ஜுங்கள்ல இறக்கி இறக்கியே அவங்க பாஷை கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. அந்தத் தைரியத்துலதான் நம்ம ஊர்க்காரங்களைப் பூரி ஜெகந்நாதர் கோயிலுக்கு ரோட்டு வழியாவே கூட்டிட்டுப் போறேன்.

திருப்பதி, நாயுடுபேட்டை போய் 16ஆம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடிச்சா பெர்காம்பூர் வரைக்கும் ஒரே ரோடு. கஞ்சாம் தாண்டினதும் எல்லாரும் ஒடிசாவோட சில்கா ஏரிக்கு மேற்குப் பக்கமா சுத்திப் போவாங்க. நான் வலது கை திரும்பி பாலூர் வழியா ஜன்ஹிகூடா துறைக்குப் போவேன். அங்க ஆளையும் காரையும் சேர்த்து ஏத்திக்கிட்டு எதிர்க்கரை சாத்தபடாவுல விடுற படகு இருக்கு.

திரும்புறதுக்கு முன்னாடி டீக்கடையில விசாரிச்சுக்கோங்க. காத்து பலமா இருந்தா படகு ஓடாது, வந்த வழியே திரும்பணும். மே மாசமும் அக்டோபர், நவம்பரும் அந்தக் கரைக்குப் புயல் காலம். 2013ல பைலின், 2019ல ஃபானி, ரெண்டும் அந்தப் பக்கம்தான் கரை ஏறிச்சு. இருட்டுற நேரத்துக்கு நம்பிப் போகவே கூடாது. சில்லறை கையில வெச்சுக்கோங்க. ‘கேத்தே?’ன்னா எவ்வளவுன்னு அர்த்தம்.

வண்டியை ஏத்தறதுலதான் நிதானம் வேணும். முதல்ல எல்லாரையும் இறக்கிடுங்க. பாரம் குறைஞ்சா வண்டி கொஞ்சம் மேல நிக்கும், சாய்வுப் பலகையும் தரையும் சேர்ற இடத்துல அடிவயிறு உரசாது. ஸ்டியரிங் நேரா இருக்கணும், முதல் கியர், பாதி கிளட்ச். பலகை மேல நிறுத்தாதீங்க, ஒரே மூச்சுல ஏறிடுங்க. உள்ள போனா படகுக்காரர் கை காட்டுற இடம்தான் நம்ம இடம். ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருக்கணும்னுதான் அவர் நிறுத்துறார், அவர்கிட்ட வாதாட வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்லயும் விட்டு, சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை வைங்க. நான் டிக்கியில எப்பவும் நாலு கட்டை வெச்சிருக்கேன். வண்டிங்க நெருக்கமா நின்னா கதவு திறக்க வழி இருக்காது, அதனால போன், மாத்திரை, தண்ணி எல்லாத்தையும் முன்னாடியே வெளிய எடுத்துக்கோங்க. படகு போறப்ப யாரும் காருக்குள்ள உட்காரக் கூடாது. முட்டி வலிக்குதுன்னு சொல்ற பெரியவங்களுக்கும் இதேதான். மடக்கு நாற்காலி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

அப்புறம் சுமார் அரை மணி நேரம், பார்த்துக்கிட்டே இருக்கலாம். பாலாத்துல மணலையே பார்த்து வளர்ந்தவங்க நாம. 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்ப பாலத்து மேல கூட்டமா நின்னு வேடிக்கை பார்த்தோமே, அந்த மாதிரி எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிப்பாங்க. மழைக்காலத்துல அந்த ஏரி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல விரியும். விரிஞ்சிபுரத்து ஆயா ஒருத்தங்க எதிர்க்கரையில இறங்கினதும் தண்ணியைத் தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்துட்டு, “இன்னாப்பா, ஏரித் தண்ணி உப்புக் கரிக்குது?”ன்னாங்க. கடல் வந்து கலக்குற ஏரி ஆயா அதுன்னு சொன்னேன். அன்னைக்குப் பூரி போய்ச் சேர்ற வரைக்கும் அதையே பேசிட்டு வந்தாங்க.

பறவை பார்க்கணும்னா டிசம்பர், ஜனவரியில போங்க, வெளிநாட்டு வாத்துங்க கூட்டம் கூட்டமா வந்திருக்கும். மூக்கு மழுங்கின ஐராவதி ஓங்கில், அதான் டால்பின், பார்க்கணும்னா சாத்தபடாவுல தனிப் படகு எடுக்கணும்.

பலகை முழுசா கரையில படியற வரைக்கும் இன்ஜினைத் தொடாதீங்க. இறங்கறப்ப சில தடவை ரிவர்ஸ்ல வரச் சொல்வாங்க, பின்னால ஒரு ஆளை நிக்க வெச்சுக்கோங்க. அங்கிருந்து பிரம்மகிரி வழியா பூரி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். லாட்ஜ் போட்டதும் முதல் வேலையா வண்டியோட அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவிடுங்க. உப்பு ஒரு ராத்திரி தங்கினாலும் இரும்புக்கு ஆகாது.