ஒரு குச்சியும் அதன் நிழலும்: குழந்தைகளோடு சூரியனை அளக்கும் செய்முறை

வெயிலில் நட்டுவைத்த ஒரு குச்சியின் நிழலை ஒரு நாள் முழுவதும் தொடர்ந்து குறித்துவந்தால், நான்கு திசைகளையும், அந்த இடத்துக்கே உரிய உண்மையான நண்பகலையும் கண்டறிந்துவிடலாம். இன்னும் சில நாட்கள் பொறுமையாக அளந்தால் அந்த இடத்தின் அட்சரேகையையும், தொலைவில் வாழும் ஒரு நண்பரின் உதவி கிடைத்தால் பூமியின் சுற்றளவையும்கூடக் கணக்கிடலாம். இதற்குத் தொலைநோக்கியோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் முதல் இரண்டு படிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்; எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் வட்டம் வரையும் படிவரை வரலாம்; கோணமானியைக் கையாளத் தெரிந்தவர்கள் இறுதிவரை செய்யலாம்.

தொடங்கும் முன் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிழல் எந்தப் பக்கம் நகரும், எப்போது குறுகும் என்பதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். சொல்லிவிட்டால் அதன்பின் நடப்பது சோதனையாக இருக்காது, சொன்னதைச் சரிபார்க்கும் வேலையாகிவிடும். இந்தச் செய்முறையின் ஒவ்வொரு படியிலும் முதலில் குழந்தை ஊகிக்க வேண்டும், அந்த ஊகத்தை எழுதி வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான குச்சி ஒன்று, நூல், நூலில் கட்டித் தொங்கவிட ஒரு சிறிய கனமான பொருள், சாக்பீஸ் அல்லது கூழாங்கற்கள், அளவு நாடா, கடிகாரம், குறிப்பேடு, கெட்டி அட்டைத் துண்டு ஒன்று. குச்சியின் மேல்முனை குனியும் குழந்தையின் கண்ணுக்கு நேராக வரக்கூடும் என்பதால், அதில் ஒரு சிறு களிமண் உருண்டையைச் செருகிவைப்பது நல்லது. சூரியனை எந்தக் காரணத்துக்காகவும் நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். நம் வேலை முழுவதும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறது.

படி 1: குச்சியை நடுதல்

காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை கட்டடத்தின் நிழலோ மரத்தின் நிழலோ விழாத சமதளமான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்தரையானால் குச்சியை ஊன்றலாம். மொட்டைமாடியானால் ஈரமணல் நிரப்பிய தட்டையான சிறு பாத்திரத்தில் நிறுத்தலாம், ஆனால் வேலை முடியும்வரை பாத்திரம் இம்மியும் நகரக் கூடாது. தரையிலிருந்து குச்சியின் மேல்முனைவரை சரியாக 50 சென்டிமீட்டர் இருக்கட்டும். பின்னால் வரும் கணக்குகள் அனைத்தும் இந்த உயரத்தைக் கொண்டே அமைந்துள்ளன.

குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் கண்ணளவில் முடிவு செய்ய முடியாது. கொத்தனார்கள் சுவருக்குப் பயன்படுத்தும் தூக்குக்குண்டைப் போல, நூலின் நுனியில் கனமான பொருளைக் கட்டிக் குச்சியின் அருகே பிடித்து, முன்பக்கத்திலிருந்து ஒருமுறையும் பக்கவாட்டிலிருந்து ஒருமுறையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் மறுபக்கச் சாய்வு தெரியாது. இதைக் குழந்தையே கண்டுபிடிக்க விடுங்கள்.

படி 2: ஊகமும் முதல் குறியும்

காலை 9 மணிக்கு நிழலின் நுனியில் ஒரு புள்ளியிட்டு நேரத்தை எழுதியதும், “இன்னும் ஒரு மணி நேரத்தில் நுனி எங்கே இருக்கும்?” என்று கேட்டு, குழந்தை காட்டும் இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைக்கச் சொல்லுங்கள். உடன் இருப்பவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கல் வைக்கலாம். பெரும்பாலான கற்கள் தவறான இடத்தில்தான் இருக்கும், அதில் தவறொன்றும் இல்லை. இரண்டாம் மணி நேரத்துக்கு வைக்கும் கல் முதல் கல்லைவிட இலக்குக்கு அருகில் வருகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஒரு மணி நேரம் காத்திருக்கப் பொறுமையில்லாத குழந்தைக்கு வேறொரு வழி உண்டு. நிழலின் நுனியை ஒட்டி ஓர் ஊசியைக் குத்திவைத்து, அருகிலேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாம். 50 சென்டிமீட்டர் குச்சியின் நிழல்நுனி உலகின் எந்த இடத்திலும் பகல் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது நகர்ந்துவிடும். நகர்வது கண்ணுக்குத் தெரியாது, நகர்ந்துவிட்டது மட்டும் தெரியும்.

இதன்பின் அரை மணி நேரத்துக்கு ஒரு புள்ளி வீதம் மாலை 3 மணிவரை குறித்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் நேரத்தையும், அடியிலிருந்து அதன் தூரத்தையும் எழுத வேண்டும்.

படி 3: மங்கலான நுனியைக் கூர்மையாக்குதல்

புள்ளியிடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஒரு சிக்கல் எழும். நிழலின் அடிப்பகுதி தெளிவான விளிம்போடு இருக்க, நுனியோ எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மங்கிக் கரைந்திருக்கும். ஒரே நுனியைக் குழந்தை ஓரிடத்திலும் நீங்கள் வேறிடத்திலும் குறிப்பீர்கள். இது உங்கள் இருவர் கண்களின் குறையன்று. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல், வானில் ஏறத்தாழ அரை பாகை அகலமுள்ள வட்டமாக இருக்கிறது. நுனியை ஒட்டிய சிறு பகுதிக்கு அந்த வட்டத்தின் ஒரு பாதியிலிருந்து ஒளி வருகிறது, மறுபாதியிலிருந்து வருவதில்லை. அதனால் அங்கே முழு நிழலும் இல்லை, முழு வெயிலும் இல்லை. 50 சென்டிமீட்டர் குச்சிக்கு இந்த மங்கல் பகுதி அரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். மாலைப் பொழுதில் நிழல் நீள நீள மங்கலும் அகலமாகும்.

இதற்குத் தீர்வு, உள்ளங்கை அளவுள்ள அட்டையின் நடுவில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் துளையிட்டு, அது தரைக்கு இணையாக இருக்கும்படி குச்சியின் தலையில் ஒட்டுவது. அட்டை குச்சியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், நண்பகல் நிழல் விழும் பக்கமாக நீட்டியிருந்தால் குச்சி ஒளியை மறைக்காது. இப்போது அட்டையின் கரிய நிழலுக்கு நடுவே ஒரு சிறிய ஒளிப்பொட்டு தெரியும். இனி நுனிக்குப் பதிலாக அந்தப் பொட்டின் மையத்தைக் குறித்தால் போதும். துளையிலிருந்து தரைவரை 50 சென்டிமீட்டர் இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். துளையின் வழியே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தை ‘அடிப்புள்ளி’ என்று குறித்துக்கொண்டால், குச்சி சற்றுச் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. இனி எல்லா அளவுகளையும் அந்தப் புள்ளியிலிருந்தே எடுக்க வேண்டும்.

இங்கே சற்று நிற்பது பயனுள்ளது. அட்டையில் சிறிய முக்கோணத் துளையிட்டால் பொட்டு எந்த வடிவில் விழும் என்று கேட்டுப் பாருங்கள். முக்கோணம் என்றுதான் பதில் வரும். துளை சிறிதாகவும் தரை போதிய தொலைவிலும் இருந்தால், துளை எந்த வடிவில் இருந்தாலும் பொட்டு உருண்டையாகவே விழும் (சூரியன் சாய்ந்திருக்கும்போது நீள்வட்டமாக). ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். அட்டையைக் கையில் எடுத்து மேலே உயர்த்த உயர்த்த, முக்கோணம் மெல்ல வட்டமாவதைக் குழந்தையே பார்க்கலாம். அடர்ந்த மரத்தடியில் சிதறிக் கிடக்கும் ஒளிவட்டங்களும் இலைகளின் இடைவெளி வழியே விழுந்த சூரிய பிம்பங்கள்தான். பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அவை அத்தனையும் பிறைகளாக மாறிவிடுகின்றன.

படி 4: வட்டம் வரைந்து திசை காணுதல்

நிழல் மிகக் குறுகும் நேரமே நண்பகல் என்பது சரிதான். ஆனால் அந்த நேரத்தை நேரடியாகப் பிடிக்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் நண்பகலை ஒட்டி நிழலின் நீளம் மிக மெதுவாக மாறுகிறது. எது மிகக் குறுகிய புள்ளி என்று அளவு நாடாவைக் கொண்டும் அறுதியிட முடிவதில்லை. பழங்காலத்திலிருந்தே வழக்கத்தில் உள்ள வட்டமுறை இதைவிடப் பன்மடங்கு துல்லியமானது.

மறுநாள் காலை 10 மணி வாக்கில் பொட்டின் மையத்தைக் குறித்து, நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அடிப்புள்ளியில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி, அந்தக் குறியின் வழியே செல்லும் வட்டத்தை வரையுங்கள். நேரம் ஆக ஆகப் பொட்டு வட்டத்துக்குள் நுழைந்து, நண்பகல் கடந்து, பிற்பகலில் மறுபக்கம் வந்து வட்டத்தை மீண்டும் தொடும். தொடும் நேரம் நெருங்கும்போது குழந்தை அருகிலேயே இருக்கட்டும், தவறவிட்டால் மறுநாள்தான் மீண்டும் செய்ய முடியும். பொட்டு வட்டத்தைத் தொட்டதும் இரண்டாம் குறியையும் நேரத்தையும் பதிவு செய்யுங்கள்.

இரண்டு குறிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்குக் கோடாகும். காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால் நிழல் மேற்கே விழும், ஆகவே காலைக் குறி மேற்கு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளியை அடிப்புள்ளியோடு இணைத்தால் வடக்கு தெற்குக் கோடு கிடைத்துவிடும். இரண்டு நேரங்களுக்கும் நடுவே உள்ள நேரமே அந்த இடத்தின் நண்பகல். எடுத்துக்காட்டாக, காலைக் குறி 10.04 மணிக்கும் பிற்பகல் குறி 2.32 மணிக்கும் விழுந்திருந்தால் நண்பகல் 12.18.

கடிகாரத்தில் 12 மணி ஆகும்போது ஏன் நண்பகல் ஆகவில்லை என்ற கேள்வி இங்கே தானாகவே எழும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஒரு நேர மண்டலம் முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே என்றாலும், அதன் கிழக்கு எல்லையில் நண்பகல் முந்தியும் மேற்கு எல்லையில் பிந்தியும் நிகழ்கிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதன் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் ஒரே இடத்தின் நண்பகலே ஆண்டு முழுவதும் முன்பின்னாக நகர்கிறது. நவம்பர் தொடக்கத்தில் அது சராசரியைவிட ஏறத்தாழ 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 14 நிமிடம் பிந்தியும் வருகிறது. திசைகாட்டி கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். காந்த ஊசி காட்டும் வடக்கும் நிழல் காட்டும் வடக்கும் பல இடங்களில் சில பாகைகள் வேறுபடும். உண்மையான வடக்கைக் காட்டுவது நிழல்தான்.

சூரியன் நகர்கிறதா, பூமி சுழல்கிறதா என்று குழந்தை கேட்டால், பூமிதான் சுழல்கிறது என்று சொல்லலாம். ஆனால் இந்தக் குச்சி அதை நிரூபித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. எது சுழன்றாலும் நிழல் இப்படித்தான் நகரும்.

படி 5: நண்பகல் கோணம்

நண்பகலில் அடிப்புள்ளியிலிருந்து பொட்டின் மையம்வரை உள்ள தூரத்தை அளந்து, உயரத்தையும் அதையும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கித் தாளில் ஒரு செங்கோண முக்கோணம் வரைய வேண்டும். 10 சென்டிமீட்டர் செங்குத்துக் கோடு துளையின் உயரத்தைக் குறிக்கும். முக்கோணத்தின் உச்சியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளந்தால், சூரியன் தலைக்கு நேர் உச்சியிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது தெரியும். நிழல் 18.2 சென்டிமீட்டர் என்றால் கோணம் 20 பாகை.

பகலும் இரவும் ஏறத்தாழ சமமாக இருக்கும் மார்ச் 20, செப்டம்பர் 22 அல்லது 23 ஆகிய நாட்களை ஒட்டி அளந்தால், இந்தக் கோணமே அந்த இடத்தின் அட்சரேகை. அன்று நாள் முழுவதும் இட்ட புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைவதையும், மற்ற நாட்களில் அவை வளைகோட்டில் அமைவதையும் காணலாம். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட இடங்களில் ஆண்டுக்கு இரண்டு நாட்கள் நண்பகலில் நிழலே இருக்காது. அந்நாட்களுக்கு முன்னும் பின்னும் நண்பகல் நிழல் எதிரெதிர்ப் பக்கங்களில் விழும். ஆகவே நீளத்தோடு, நிழல் வடக்கே விழுந்ததா தெற்கே விழுந்ததா என்பதையும் எழுத மறக்கக் கூடாது.

படி 6: இரண்டு வீடுகள், ஒரு பூமி

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸ், தெற்கே இருந்த சையீன் நகரில் சூரியன் உச்சியில் நிற்கும் நாளில் அலெக்சாந்திரியாவில் அது உச்சியிலிருந்து வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, விலகியிருப்பதைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். நீங்களும் வடக்கிலோ தெற்கிலோ தொலைவில் வாழும் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து, ஒரே நாளில், அவரவர் நண்பகலில், படி 5-ஐச் செய்யலாம். இரண்டு நிழல்களும் ஒரே பக்கம் விழுந்தால் கோணங்களைக் கழிக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் கூட்ட வேண்டும். இரண்டு இடங்களுக்கும் இடையிலான வடக்கு தெற்குத் தூரத்தை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாலைத் தூரமோ குறுக்குச் சாய்வுத் தூரமோ இதற்கு உதவாது.

ஓரிடத்தில் 20 பாகை, மற்றோரிடத்தில் 29 பாகை, தூரம் 1,000 கிலோமீட்டர் என்றால், 360-ஐ 9-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்க 40,000 கிலோமீட்டர் வருகிறது. துருவங்களின் வழியே அளந்தால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,008 கிலோமீட்டர். கணக்கில் இப்படி வந்தாலும் கையளவில் இவ்வளவு நெருக்கமாக வராது. நிழலில் அரை சென்டிமீட்டர் பிசகினாலே கோணம் அரை பாகைவரை மாறக்கூடும். 9 பாகை 8.5 ஆகிவிட்டால் விடை 42,000-ஐத் தாண்டிவிடும். இரண்டு வீடுகளுக்கும் வேறுபாடு 2 பாகைதான் என்றால் அதே அரை பாகைப் பிசகு விடையை மூன்றில் ஒரு பங்கு உயர்த்திவிடக்கூடும். ஆகவே கூடியவரை தொலைவில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள்.

விடை வெகுவாக விலகினால், துளையின் உயரம், அடிப்புள்ளி, நண்பகல் நேரம், வரைபடத் தூரம் என்ற வரிசையில் சரிபாருங்கள். 40,000 வரவேண்டும் என்பதற்காக எழுதிய அளவை மட்டும் திருத்த வேண்டாம். பழைய அளவை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வெயில் நாளில் எடுக்கும் புதிய அளவை அதன் கீழே தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.