லாரி ஓட்டுநர்கள் சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னால் ஒரு காரோ பைக்கோ மெதுவாகப் போனால், அதன் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு போய் ஏர் ஹாரனை அலறவிடுவது சில லாரி ஓட்டுநர்களின் வழக்கம். சீக்கிரம் ஒதுங்கட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். லாரி ஓட்டுவதில் இதைவிட ஆபத்தான பழக்கம் குறைவு.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் நகர்கிறது. முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடியாவது ஆகும். ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் போய்ச் சேர இன்னும் அரை நொடி வரை பிடிக்கும். ஆக, வேகம் குறையத் தொடங்குவதற்குள்ளேயே 30 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறோம். முன்னால் போகும் கார் லேசானது, சட்டென்று நின்றுவிடும். லோடு ஏற்றிய லாரியால் அந்தத் தூரத்துக்குள் நிற்க முடியாது. முன்னால் போவது பைக் என்றால், திடீர் ஹாரன் சத்தத்தில் அவர் தடுமாறி விழுந்தாலே போதும்.

ஆகவே குறைந்தது நான்கு நொடி இடைவெளி விடுங்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள்; நான்கு எண்ணி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மழையில் இதை இரட்டிப்பாக்க வேண்டும். ‘இடம் விட்டால் கார்காரன் உள்ளே நுழைந்துவிடுகிறான்’ என்பார்கள். உண்மைதான், நுழைவார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடியும் இடைவெளியை உண்டாக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் இழப்பது சில நொடிகள்தான். கோபத்தில் அவரைத் துரத்திப் பாடம் புகட்டப் போனால் இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாது.

அடுத்தது, லாரியை லாரி முந்துவது. முன்னால் போவது 75 கி.மீ. வேகம், நீங்கள் 80 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டிகளின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 90 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். வித்தியாசம் 5 கி.மீ. மட்டுமே என்பதால் அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உங்கள் லாரி ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. ஓடியிருக்கும். இருவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் அவ்வளவு தூரம் காலியாக இருப்பது அரிது. பல தடங்கள் உள்ள சாலையிலும் அத்தனை நேரம் பின்னால் வருகிறவர்கள் அடைபட்டு, பொறுமையிழந்து, தவறான பக்கத்தில் முந்தப் பார்ப்பார்கள். வேக வித்தியாசம் போதாது என்றால் முந்த வேண்டாம். உங்களை ஒருவர் முந்தும்போது அவரோடு போட்டிபோட்டு வேகத்தைக் கூட்டுவதும் இதே அளவு மோசமான தவறு.

திரும்பும்போது நடக்கும் விபத்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேபின் உயரத்திலிருந்து தொலைவு நன்றாகத் தெரியும், பக்கத்தில் இருப்பதுதான் தெரியாது. முன் பம்பருக்கு நேர் கீழே, வண்டிக்கு நேர் பின்னால், இரண்டு பக்கங்களிலும் கண்ணாடியில் விழாத இடங்கள் உண்டு. அவற்றில் பெரியது, ஓட்டுநர் உட்காராத பக்கம். திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உள்வளைவை ஒட்டி வரும். வண்டி நீளமாக ஆக, இன்னும் உள்ளே வரும். அதற்கு இடம் வேண்டி ஓட்டுநர் முதலில் வெளிப்பக்கம் ஒதுக்குவார். பின்னால் வரும் சைக்கிள்காரர் அதைப் பார்த்து, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்து உள்பக்கம் நுழைவார். இப்படித்தான் உயிர்கள் போகின்றன. இண்டிகேட்டரை முன்கூட்டியே போடுங்கள். திரும்பத் தொடங்கும் முன் ஒருமுறை, திரும்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை கண்ணாடியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். மற்ற வண்டிக்காரர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

பின்னால் வருபவரை ‘முந்திப் போ’ என்று சொல்வதற்காக இண்டிகேட்டர் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஒருவர் அதை வழி என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் லாரி திரும்பப் போகிறது என்று நினைப்பார். எதிரே வரும் வண்டிக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. முந்துவதா வேண்டாமா என்பதை அவரே பார்த்து முடிவெடுக்கட்டும்.

இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது பெரிய தவறு. மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து என்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் பயன்படுத்துங்கள்.

தூக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி கண் சொருகினால் வண்டி 65 மீட்டருக்கு மேல் ஓட்ட ஆளில்லாமல் ஓடியிருக்கும். பின்னிரவு 2 மணியிலிருந்து விடியும்வரை உடல் தானாகவே தூக்கத்தைக் கேட்கும். பாட்டுச் சத்தமும் ஜன்னல் காற்றும் அதைக் கொஞ்ச நேரம்தான் தள்ளிப்போடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவது அதைவிட உதவும். ‘விடியறதுக்குள்ள வந்துடு’ என்று சரக்கு உரிமையாளர்கள் நெருக்குவது இந்தத் தவறில் பெரும்பங்கு வகிக்கிறது. பழியை ஓட்டுநர்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

ஓய்வுக்கோ பழுதுக்கோ நிறுத்தினால் சாலையை விட்டு முழுவதுமாக இறக்கி நிறுத்துங்கள். முடியாமல் போனால் ஹசார்ட் விளக்கைப் போட்டு, பிரதிபலிக்கும் முக்கோணத்தைப் பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள்; வளைவிலோ மேட்டிலோ நின்றால் வளைவுக்கு முன்பே தெரியும்படி வைக்க வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி பின்னால் வருபவருக்குக் கடைசி நொடி வரை தெரியாது. காரின் முன்பகுதி லாரியின் பாடிக்கு அடியில் புகுந்துவிட்டால் அடி நேராகக் கண்ணாடியில், உள்ளே இருப்பவர்களின் தலை மட்டத்தில் விழும். பின்பக்கத் தடுப்புக் கம்பி வளைந்தோ கழன்றோ இருந்தால் அடுத்த லோடுக்கு முன் சரிசெய்யுங்கள். சேறு படிந்த பிரதிபலிப்புப் பட்டைகளையும் பின்விளக்குகளையும் இருட்டுவதற்கு முன் துடைத்துவிடுங்கள்.