பழைய கோபோல் ப்ரோக்ராமை சிஐசிஎஸ்-ல வெப் சர்வீஸா ஏத்துறது எப்படி

மெயின்ஃப்ரேம்ல ஓடுற ப்ரோக்ராமை வெளிய இருக்கிற ஜாவா, டாட்நெட் ஆளுங்க கூப்பிடணும்னு ரிக்வெஸ்ட் வந்தா முதல்ல எல்லாரும் நடுவுல ஒரு புது சர்வர் வாங்கி வைக்கலாமானுதான் யோசிப்பாங்க, பெரும்பாலும் அது தேவையே இல்ல. சிஐசிஎஸ் (மெயின்ஃப்ரேம்ல ஆன்லைன் ப்ரோக்ராம் ஓட்டுற ஐபிஎம் சாஃப்ட்வேர்) 1969-ல ப்ராடக்ட்டா வந்த சாமான்தான், ஆனா 2005-ல வந்த ட்ரான்ஸாக்‌ஷன் சர்வர் 3.1-ல இருந்தே சோப் (எக்ஸ்எம்எல் மெசேஜ்) வெப் சர்வீஸ் அதுக்குள்ளயே இருக்கு, அப்புறம் ஜேசனும் சேர்ந்துடுச்சு. டெஃபனிஷன் போடுறது சின்ன வேலை, ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும். நேரம் தின்றது ரெண்டே விஷயம், காப்பிபுக்கும் (டேட்டா லேஅவுட் எழுதி வச்சிருக்கிற கோபோல் ஃபைல்) பர்மிஷனும். அதனால அந்த ரெண்டையும்தான் இங்க விரிவா சொல்லப் போறேன், மத்ததை வேகமா தாண்டிடலாம்.

முதல்ல ப்ரோக்ராமைத் திறந்து பாருங்க. அதுல செண்ட் மேப், ரிசீவ் மேப் (ஸ்க்ரீனுக்கு அனுப்புற, ஸ்க்ரீன்ல இருந்து வாங்குற கமாண்ட்) இருந்தா அப்படியே ஏத்த முடியாது, ஏன்னா வெப் சர்வீஸ் டாஸ்க்குக்கு டெர்மினலே கிடையாது, மேப் அனுப்பப் போற இடத்துல அபெண்ட் ஆகி (பாதியில விழுந்து) நிக்கும். லாஜிக் தனி ப்ரோக்ராமா இருந்து, ஸ்க்ரீன் ப்ரோக்ராம் அதை லிங்க் பண்ணி காமேரியாவுல (ப்ரோக்ராம்கள் டேட்டா மாத்திக்கிற மெமரி ஏரியா) டேட்டா குடுத்து வாங்குற மாதிரி எழுதியிருந்தா உங்க அதிர்ஷ்டம். இல்லைனா லாஜிக்கைப் பிரிச்சு எடுக்கிறதுதான் முதல் வேலை, அதுக்கு குறுக்கு வழி எதுவும் இல்ல. காமேரியா 32 கேபிக்கு மேல தாங்காது, ரெஸ்பான்ஸ் அதை விட பெருசா வரும்னா சேனல் கன்டெய்னருக்கு (அந்த 32 கேபி லிமிட் இல்லாம டேட்டா குடுத்து வாங்குற வழி) மாத்திடுங்க.

இப்போ காப்பிபுக். கன்வர்ஷன் டூல் காப்பிபுக்ல இருக்கிற ஃபீல்டு பேரைத்தான் எக்ஸ்எம்எல் டேக் ஆக்கும், ஹைஃபன் அண்டர்ஸ்கோரா மாறும், கேபிட்டல் ஸ்மால் லெட்டரா மாறும், அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ டபிள்யூஎஸ்-ஃபீல்டு-01-னு பேர் வச்சிருந்தா அதுதான் உங்க ஏபிஐ-ல வெளிய தெரியும், ஒரு தடவை க்ளையன்ட் அதைப் பிடிச்சு கோட் எழுதிட்டான்னா அப்புறம் மாத்தவே முடியாது. ரீடிஃபைன்ஸ் (ஒரே இடத்துக்கு ரெண்டாவது லேஅவுட்) இருந்தா டூல் ஏத்துக்காது, 66 லெவலும் (ரீநேம்ஸ்) அப்படித்தான். அதனால ஒரிஜினல் காப்பிபுக்கை அப்படியே தூக்கிக் குடுக்காதீங்க. ஒரு சின்ன ராப்பர் ப்ரோக்ராம் எழுதுங்க, அதுக்குனு ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு ரெஸ்பான்ஸுக்கு ஒண்ணுனு ரெண்டு சுத்தமான காப்பிபுக் வைங்க, ராப்பர் உள்ள போய் பழைய ப்ரோக்ராமை லிங்க் பண்ணட்டும். எக்ஸ்ட்ரா வேலைதானேனு தோணும், ஆனா பழைய காப்பிபுக்ல யாராவது நடுவுல ஒரு ஃபீல்டு சேர்த்தா உங்க ஏபிஐ உடையாம இருக்கிறது இந்த ராப்பராலதான்.

ராப்பர்ல ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது: ரெஸ்பான்ஸ் ஏரியாவை ஆரம்பத்துலயே இனிஷியலைஸ் பண்ணிடணும். ஏன்னு சொல்றேன். ரெஸ்பான்ஸ்ல ஒரு டேபிள் இருக்குனு வைங்க, ஆக்கர்ஸ் 50 டைம்ஸ், ஒவ்வொரு ரோலயும் ஒரு அமவுண்ட், பிக் எஸ்9(9)வி99 காம்ப்-3 (அதாவது பேக்டு டெசிமல் நம்பர்). ப்ரோக்ராம் மூணு ரோ மட்டும் நிரப்பி திரும்புது, மிச்சம் 47 ரோல லோ-வேல்யூ (வெறும் ஜீரோ பைட்) கிடக்கு. 3270 டெர்மினல் ஸ்க்ரீன்ல காட்டும்போது ப்ரோக்ராம் கவுன்ட் பார்த்து மூணை மட்டும் காட்டும், அதனால இத்தனை வருஷமா யாருக்கும் தெரியல. ஆனா சிஐசிஎஸ் எக்ஸ்எம்எல் கட்டும்போது அம்பதையும் மாத்தப் பார்க்கும், நாலாவது ரோல சைன் நிபிள் (ப்ளஸ் மைனஸ் சொல்ற அரை பைட்) இல்லாத பேக்டு டெசிமலைப் பார்த்ததும் மொத்த மெசேஜையும் தூக்கிப் போட்டுட்டு ஃபால்ட் (எரர் பதில்) அனுப்பிடும். லாக்ல இன்வேலிட் பேக்டு டெசிமல்னு வரும், ப்ரோக்ராம் என்னவோ ஒழுங்காத்தான் முடிஞ்சிருக்கும். எண்ணிக்கை மாறுற டேபிளுக்கு ஆக்கர்ஸ் டிபெண்டிங் ஆன் போடலாம், ஆனா அதுக்கு மேப்பிங் லெவல் (கன்வர்ஷன் டூலுக்கு குடுக்கிற செட்டிங்) 4.0 அல்லது அதுக்கு மேல வேணும்.

அடுத்தது ரிட்டர்ன் கோட். பழைய ப்ரோக்ராம் எல்லாம் தப்பு ஆனா காமேரியாவுல 08-னு வச்சுட்டு அழகா ரிட்டர்ன் ஆகும். சிஐசிஎஸ் பார்வைல அது வெற்றிதான், க்ளையன்ட்டுக்கு எச்டிடிபி 200 போகும், அவன் பேமென்ட் போயிடுச்சுனு நினைச்சுக்குவான். ராப்பர்ல 08 வந்தா சோப்ஃபால்ட் க்ரியேட் கமாண்ட் போட்டு ஃபால்ட்டாவே திருப்பி அனுப்புங்க. அந்த கமாண்ட் சேனல் இன்டர்ஃபேஸ்லதான் வேலை செய்யும், நான் சேனலை விரும்புறதுக்கு இது இன்னொரு காரணம்.

இப்போ யுனிக்ஸ் பக்கம். இசட்எஃப்எஸ்-ல (மெயின்ஃப்ரேமோட யுனிக்ஸ் ஃபைல் சிஸ்டம்) மூணு விஷயம் வேணும்: பைப்லைன் (வர்ற மெசேஜை ப்ரோக்ராம் வரை கொண்டு போற வழி) கான்ஃபிக் ஃபைல், பிக்கப் டைரக்டரி, ஷெல்ஃப் டைரக்டரி. கான்ஃபிக் ஃபைலை நீங்க எழுத வேணாம், சிஐசிஎஸ் இன்ஸ்டால் ஆன டைரக்டரிக்குள்ள சாம்பிள்ஸ், அதுக்குள்ள பைப்லைன்ஸ் இருக்கும், அங்க பேசிக்சோப்11ப்ரொவைடர்னு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், அதைக் காப்பி பண்ணிக்கோங்க. யுனிக்ஸ் ஷெல்லுக்குள்ளயே காப்பி பண்ணுங்க. லேப்டாப்புக்கு இறக்கி எடிட் பண்ணி திரும்ப ஏத்தினா என்கோடிங் மாறி, ஹெட்டர்ல எப்சிடிக்னு (மெயின்ஃப்ரேம் என்கோடிங்) எழுதியிருக்க உள்ள ஆஸ்கி இருக்கும், பைப்லைன் இன்ஸ்டால் ஆகும்போதே டிசேபிள்டுனு போயிடும்.

பர்மிஷன்லதான் பாதி பேர் மாட்டுவாங்க. இங்க முக்கியம் உங்க டிஎஸ்ஓ ஐடி (நீங்க லாகின் பண்றது) இல்ல, சிஐசிஎஸ் ரீஜன் (ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு சிஐசிஎஸ்) எந்த யூசர் ஐடில ஓடுதோ அந்த ஐடி. அதுக்கு ராக்எஃப்-ல (மெயின்ஃப்ரேம் செக்யூரிட்டி சாஃப்ட்வேர்) ஓஎம்விஎஸ் செக்மென்ட் (யுனிக்ஸ் பக்கத்துக்கான விவரம்) இருக்கணும், கான்ஃபிக் ஃபைலையும் பிக்கப் டைரக்டரியையும் படிக்க முடியணும், ஷெல்ஃப்ல எழுதவும் முடியணும். சேஞ்ச்மோட் 777 போட்டு தப்பிக்கிறது டெவலப்மென்ட்ல ஓடும், ஆடிட்ல ஓடாது, ரீஜன் ஐடி இருக்கிற க்ரூப்புக்கு டைரக்டரியை மாத்திக் குடுங்க. ஷெல்ஃபுக்குள்ள நீங்க எதையும் போடவும் வேணாம் அழிக்கவும் வேணாம், அது சிஐசிஎஸ்ஸோட சொந்த இடம், ஒவ்வொரு ரீஜனும் தன் அப்ளிட் பேர்ல (ரீஜனோட நெட்வொர்க் பேர்) ஒரு சப் டைரக்டரி போட்டுக்கும்.

அடுத்து பேட்ச் ஜாப். காப்பிபுக்ல இருந்து சர்வீஸ் உருவாக்க டிஎஃப்எச்எல்எஸ்2டபிள்யூஎஸ்-னு ஒரு ப்ரோசீஜர் இருக்கு, ஜேசன் வேணும்னா கடைசி எழுத்துகளை ஜேஎஸ்-னு மாத்தின இன்னொண்ணு. உள்ள ஜாவா ஓடுது, அதனால ஜாபோட ரீஜன் சைஸை (மெமரி லிமிட்) 0எம்-னு குடுத்துடுங்க. காப்பிபுக் லைப்ரரி, ரிக்வெஸ்ட் மெம்பர், ரெஸ்பான்ஸ் மெம்பர், லாங்குவேஜ், ப்ரோக்ராம் பேர், காமேரியாவா சேனலா, யூஆர்ஐ, மேப்பிங் லெவல், அவுட்புட் ஃபைல் பேர், இதுதான் குடுக்க வேண்டியது. யூஆர்ஐ-ல இப்பவே வி1 மாதிரி ஒரு வெர்ஷன் போட்டு வச்சுடுங்க. ஜாப் முடிஞ்சா ரெண்டு ஃபைல் கிடைக்கும், ஒண்ணு டபிள்யூஎஸ்டிஎல் (சர்வீஸை எப்படி கூப்பிடணும்னு சொல்ற ஃபைல்), க்ளையன்ட்டுக்குக் குடுக்க, இன்னொண்ணு டபிள்யூஎஸ்பைண்ட், சிஐசிஎஸ்ஸுக்கு. ரிட்டர்ன் கோட் 4 வந்தா ஓகேனு விட்டுடாதீங்க, லாக் ஃபைலைப் படிங்க. டபிள்யூஎஸ்பைண்ட் பைனரி ஃபைல், வேற எல்பாருக்கு (வேற மெயின்ஃப்ரேம் பார்ட்டிஷனுக்கு) எஃப்டிபி பண்ணா பைனரி மோடுலதான் பண்ணணும். காப்பிபுக்கை மாத்திட்டு இந்த ஜாபை திரும்ப ஓட்டாம விட்டா எரர் வரணும்னு கட்டாயம் இல்ல, ஃபீல்டு தள்ளிப் போய் தப்பு டேட்டா சத்தமில்லாம போகும், அதனால இதை கம்பைல் ஜாபோட சேர்த்துக் கட்டிடுங்க.

சிஐசிஎஸ் பக்கம் வந்தா, சிட்-ல (ரீஜனோட ஸ்டார்ட்அப் செட்டிங் டேபிள்) டிசிபிஐபி யெஸ்-னு இருக்கானு பாருங்க. சீடா-ல (டெஃபனிஷன் போடுற சிஐசிஎஸ் கமாண்ட்) ரெண்டே டெஃபைன். டிசிபிஐபிசர்வீஸ் ஒண்ணு, போர்ட் நம்பரும் ப்ரோட்டோகால் எச்டிடிபியும் குடுத்து, ட்ரான்ஸாக்‌ஷன் சிடபிள்யூஎக்ஸ்என்-னு விட்டுடுங்க. அந்த போர்ட்டை நெட்வொர்க் டீம்கிட்ட சொல்லி டிசிபிஐபி ப்ரொஃபைல்ல உங்க ரீஜன் பேருக்கு ரிசர்வ் பண்ணச் சொல்லுங்க, இல்லைனா ஒரு ஐபிஎல்லுக்கு (மெயின்ஃப்ரேம் ரீஸ்டார்ட்டுக்கு) அப்புறம் வேற ஏதோ டாஸ்க் அதைப் பிடிச்சு உக்காந்திருக்கும். பைப்லைன் இன்னொண்ணு, கான்ஃபிக் ஃபைல், ஷெல்ஃப், பிக்கப் டைரக்டரி மூணுக்கும் பாத் குடுத்து. பாத்ல கேபிட்டல் ஸ்மால் முக்கியம், எமுலேட்டர்ல எல்லாம் கேபிட்டலா மாறிடும், அதனால சியோட்-ல (CEOT) மிக்ஸ்டு கேஸ் ஆன் பண்ணிட்டு சீடா போங்க. வெப்சர்வீஸ், யூஆர்ஐமேப் (எந்த யூஆர்ஐ எந்த சர்வீஸுக்குனு சொல்றது) டெஃபனிஷன் ரெண்டையும் கையால போட வேணாம். டபிள்யூஎஸ்பைண்ட் ஃபைலை பிக்கப் டைரக்டரில வச்சுட்டு செம்ட்-ல (ஓடுற ரீஜனைப் பார்க்க, மாத்த உதவுற கமாண்ட்) பெர்ஃபார்ம் பைப்லைன் ஸ்கேன் குடுத்தா அதுவே ரெண்டையும் உருவாக்கும், புது ஃபைல் வந்தாலும் திரும்ப ஸ்கேன் போதும், ரீஜனை இறக்க வேணாம்.

அப்புறம் செம்ட்-ல வரிசையா பாருங்க: டிசிபிஐபிசர்வீஸ் ஓபன், பைப்லைன் எனேபிள்டு, வெப்சர்வீஸ் இன்சர்வீஸ், யூஆர்ஐமேப் எனேபிள்டு. எங்க விட்டுப்போச்சோ அங்கதான் பிரச்சனை, ரீஜன் ஜாப்ல எம்எஸ்ஜியூஎஸ்ஆர் (மெசேஜ் லாக்) எடுத்து டிஎஃப்எச்பிஐ-னு தேடுங்க, காரணம் எழுதியிருக்கும். க்ளையன்ட் பக்கம் டெஸ்ட்டுக்கு சோப்யூஐ போதும், டபிள்யூஎஸ்டிஎல்லை இம்போர்ட் பண்றதுக்கு முன்னாடி உள்ள மை-சர்வர், மை-போர்ட்னு இருக்கிறதை நிஜ அட்ரஸா மாத்திடுங்க, நிறைய பேர் இதை விட்டுட்டு கனெக்ட் ஆகலைனு ஃபோன் பண்ணுவாங்க. 404 வந்தா யூஆர்ஐ பொருந்தலை. சோப் ஃபால்ட் வந்தா கன்வர்ஷன்ல விழுந்துச்சா ப்ரோக்ராம் அபெண்டானு டிஎஃப்எச்பிஐ மெசேஜ்ல தெரியும். ப்ரோக்ராமுக்குள்ள போய்ப் பார்க்கணும்னா செட்எஃப் (டெர்மினல்ல ஓடுற டீபக்கர்) உதவாது, டெர்மினல் இல்லையே, செட்எக்ஸ் போட்டு ட்ரான்ஸாக்‌ஷன் பேர் குடுத்துட்டு காத்திருங்க, ரிக்வெஸ்ட் வந்ததும் உங்க ஸ்க்ரீன்ல நிக்கும்.

டெஸ்ட் ஓடிடுச்சுனு அப்படியே ப்ரொடக்‌ஷன் போயிடாதீங்க. எதுவும் சொல்லாம விட்டா எல்லா சர்வீஸும் சிபிஐஎச்-ங்கிற ஒரே ட்ரான்ஸாக்‌ஷன்ல, சிஐசிஎஸ் டிஃபால்ட் யூசர் ஐடில ஓடும். எந்த சர்வீஸ் எவ்வளவு சிபியு தின்னுதுனு எஸ்எம்எஃப்-ல (சிஸ்டம் யூசேஜ் ரெக்கார்டு) பிரிக்கவே முடியாது, செக்யூரிட்டியும் தனித்தனியா வைக்க முடியாது. சிபிஐஎச்-ஐ காப்பி பண்ணி சொந்தப் பேர்ல ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் போடுங்க, ப்ரோக்ராம் அதே டிஎஃப்எச்பிஐடிஎஸ்எச்-ஆ இருக்கட்டும், அந்தப் பேரை பேட்ச் ஜாப்லயே ட்ரான்ஸாக்‌ஷன் பாராமீட்டர்ல குடுத்தா ஸ்கேன் உருவாக்குற யூஆர்ஐமேப்லயே வந்துடும். அதை ட்ரான்ஸாக்‌ஷன் க்ளாஸ்லயும் போட்டு லிமிட் வைங்க, இல்லைனா க்ளையன்ட் பக்கம் ஒரு லூப் விழுந்தா மேக்ஸ்டாஸ்க் (ஒரே நேரத்துல ஓடக்கூடிய டாஸ்க் லிமிட்) நிரம்பி ஸ்க்ரீன் யூசர் எல்லாரும் சேர்ந்து நிப்பாங்க. போர்ட்டுக்கு டிஎல்எஸ் கட்டாயம், பேசிக் ஆதன்டிகேஷனையாவது ஆன் பண்ணுங்க, டிஎல்எஸ் இல்லாம பேசிக் மட்டும் வச்சா பாஸ்வேர்டை நெட்வொர்க்ல திறந்து அனுப்புற மாதிரிதான். வெப்சர்வீஸ்ல வேலிடேஷன் டெஸ்ட்ல ஆன் பண்ணியிருந்தா ஆஃப் பண்ணிடுங்க, ஒவ்வொரு மெசேஜையும் ஸ்கீமாவோட ஒப்பிட்டுப் பார்க்கிறது சிபியுவை நல்லாவே தின்னும்.