படித்தும் வரவில்லை என்று சொல்லப் பயம்

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு நெருங்கினாலே எனக்கு இல்லாத வேலையெல்லாம் முளைக்கும். அலமாரியை ஒழுங்குபடுத்துவது, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முதல் நாளே போய் நிற்பது, அப்புறம் ராத்திரி இரண்டு மணி வரை போன். ரிசல்ட் வந்ததும் "படிக்க நேரமே கிடைக்கல" என்று சொல்லிவிடலாம், படித்தும் வரவில்லை என்று சொல்ல வேண்டாம் பாருங்கள், சுகமே அதில்தான்.

இதை 1978-லேயே பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, பிரமாதம் என்று பாராட்டி, அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மருந்தைக் காட்டினால், ஆண்களில் பலர் திறமையை மந்தமாக்கும் என்று சொல்லப்பட்ட மருந்தைத்தான் கேட்டார்களாம். படித்ததும் சிரிப்பு வந்தது, நம்ம ஆள்தான்!

போனை ஒளித்து வைத்தெல்லாம் பலனில்லை. பயம் மார்க்கைப் பார்ப்பதில்தானே? அதனால் ஞாயிறு காலை 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பேனாவால் வட்டம் நிரப்பி, தாளை அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அவள்தான் திருத்துவாள், தமிழில் 60 மார்க் எடுக்காவிட்டால் மீதியைத் தொடவே மாட்டாள், உண்மைத் தேர்விலும் கதை அதுதான். குறைந்த மார்க்கைச் சத்தமாக வாசிப்பாள், முதலில் முகம் சுருங்கியது, பிறகு பழகிவிட்டது. அலமாரி அப்படியே கிடக்கிறது.

கணக்கைத் தள்ளிப்போடுவது மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. இப்போதைக்குக் காலையில் டீக்கு முன்னால் தனிவட்டிக் கணக்கு ஐந்து போடுகிறேன்.